மரத்துக்கு ஒரு சேதி: கொட்டை மரங்களும் ஹார்மோன்களின் கதையும்



செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாவர ஹார்மோன்கள் என்றால் நம் வகுப்பில் பலருக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி ஞாபகத்துக்கு வரும். ஆக்சின், ஜிப்ரெல்லின், சைட்டோகைனின், எத்திலீன், அப்சிசிக் அமிலம் என்று வரிசையாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், என் தாத்தாவின் முந்திரித் தோப்பில் அந்தச் சம்பவம் நடக்கும் வரை.

பண்ருட்டிப் பக்கம் தாத்தாவுக்குக் கொஞ்சம் முந்திரி உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வந்த தானே புயலில் பழைய மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. பிறகு ஒட்டுக் கன்று வாங்கி வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தார். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம் பூங்கொத்துகள் காய்ந்து கருகி உதிர ஆரம்பித்தன. அந்த வருட முந்திரிக் காசுதான் என் கல்லூரிக் கட்டணம். பதறிப்போன தாத்தா ஒரு கடையில் போய்க் கேட்டார். "பூ நிக்க இதை அடிங்க" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். வளர்ச்சி ஊக்கி, அதாவது ஹார்மோன். பாட்டிலில் போட்டிருந்த அளவை நான் படித்துச் சொன்னேன். தாத்தா சிரித்தார். "இத்தினியூண்டு ஊத்துனா என்னடா ஆவும்? கொஞ்சம் கூட ஊத்துனா கொஞ்சம் கூட காய்க்கும்" என்றார்.

ஒரு வாரத்தில் கொழுந்துகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு கீழே தொங்கின. மிச்சமிருந்த பூவும் கொட்டிப் போனது. அப்பா வட்டிக்குக் கடன் வாங்கித்தான் என் கட்டணத்தைக் கட்டினார்.

பூ நிற்பதற்காக அடித்த மருந்து பூவைக் கொட்ட வைத்தது ஏன்? இந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். கிடைத்தது ஒரு நூற்றாண்டுக் கதை. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புல்லின் நுனியில் கிடைத்த துப்பு

கதை சார்லஸ் டார்வினிடம் தொடங்குகிறது. பரிணாமக் கொள்கை டார்வின்தான்! வயதான காலத்தில் தன் மகன் ஃபிரான்சிஸுடன் சேர்ந்து செடிகளின் அசைவை ஆராய்ந்தார். 1880-இல் அது நூலாக வந்தது. புல் முளையின் மேல் ஒரு பக்கமாக வெளிச்சம் விழுந்தால் முளை அந்தப் பக்கம் வளைகிறது. ஆனால் நுனியை மட்டும் மூடி வைத்தால் வளைவதில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியானால் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒரு சேதி போகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த பாய்சன் ஜென்சன் 1910-க்குப் பிறகு நுனியை வெட்டி, நடுவில் ஜெலட்டின் துண்டை வைத்து, மறுபடி நுனியைப் பொருத்திப் பார்த்தார். சேதி ஜெலட்டினைத் தாண்டிப் போனது. 1926-இல் ஹாலந்து நாட்டின் உட்ரெக்டில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர், வெட்டிய ஓட்ஸ் நுனிகளை அகார் கட்டியின் மேல் வைத்தார். பிறகு நுனிகளை எடுத்துவிட்டு அந்த அகார் துண்டை மட்டும் நுனியில்லாத முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். வெளிச்சமே இல்லாமல் முளை வளைந்தது! சேதி என்பது கையில் பிடிக்கக் கூடிய ஒரு வேதிப்பொருள் என்பது உறுதியானது. அதற்கு வந்த பெயர்தான் ஆக்சின்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆக்சினை முதலில் கண்டவர்கள் அதை உணவாகக் காணவில்லை, சேதியாகக் கண்டார்கள். யூரியா, பொட்டாஷ் எல்லாம் மரத்துக்குச் சாப்பாடு. ஹார்மோன் என்பது மரத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு எழுதும் கடிதம். சாப்பாட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் தவறில்லை. தந்தியில் ஒரு சொல் கூடினால் அர்த்தமே மாறிவிடும் இல்லையா?

1939-உம் 1941-உம்

1930-களில் வேதியியலாளர்கள் ஆக்சினைப் போன்ற செயற்கைப் பொருட்களைத் தயாரித்தார்கள். நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக என்.ஏ.ஏ., அவற்றில் ஒன்று. 1939-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கார்ட்னர், மார்த், பாட்ஜர் மூவரும் ஆப்பிள் மரத்தில் அறுவடைக்குச் சற்று முன்பு இதைத் தெளித்தார்கள். உதிர வேண்டிய காய்கள் கிளையிலேயே நின்றன. தோட்டக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

அப்படியானால் பூக்கும் பருவத்திலேயே தெளித்தால் இன்னும் நிறையக் காய் பிடிக்குமே என்று யாருக்கும் தோன்றும். பர்க்ஹோல்டர், மெக்கவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தெளித்துப் பார்த்து, 1941-இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ப்பிடிப்பு கூடவில்லை, குறைந்துவிட்டது! இன்று ஆப்பிள் விவசாயிகள் அதே என்.ஏ.ஏ.வை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். பிஞ்சுப் பருவத்தில் அடித்தால் அதிகப்படி பிஞ்சுகளை உதிர்க்கும். அறுவடைக்கு முன் அடித்தால் காயை உதிராமல் நிறுத்தும். மருந்து ஒன்று, பருவம் வேறு, பலன் நேர் எதிர்.

காரணம் பின்னால் தெரிந்தது. அளவுக்கு மீறி ஆக்சின் உள்ளே போனால் செடி எத்திலீன் வாயுவைச் சுரக்கிறது. எத்திலீன் என்பது "உதிர்" என்ற சேதி. என் தாத்தா பூவை நிறுத்தச் சொல்லி உரக்கக் கத்தினார். மரத்தின் காதில் அது "உதிர்" என்று விழுந்தது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 10 பி.பி.எம். கரைசல் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிகிராம் மருந்து. 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லிகிராம்தான். பாட்டிலில் இருப்பது 4.5 சதவீதக் கரைசல் என்றால், ஒரு டேங்குக்கு ஊற்ற வேண்டியது சுமார் 2 மில்லி. நம் ஊரில் மருந்தை அளப்பது மூடிக் கணக்கில். ஒரு மூடி 10 மில்லி பிடிக்கும் என்றால் ஒரே மூடியில் ஐந்து மடங்கு!

ஐந்து மடங்கு, ஐம்பது மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதற்கும் வரலாற்றில் பதில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான 2,4-டி என்பதும் ஆக்சின் வகைதான். துளியளவில் வளர்ச்சி ஊக்கி, அளவு கூடினால் களைக்கொல்லி. இதையும் 2,4,5-டி என்பதையும் சரிபாதியாகக் கலந்ததுதான் வியட்நாம் காடுகள் மேல் அமெரிக்க விமானங்கள் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சு. அந்த விமானத் தெளிப்பு 1962 முதல் 1971 வரை நடந்தது. ஆர்தர் கால்ஸ்டன் என்ற தாவரவியலாளர் 1943-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில், சோயா சீக்கிரம் பூக்க ஒரு வேதிப்பொருள் உதவும் என்றும், அளவு மீறினால் அதே பொருள் இலையைக் கொட்ட வைக்கும் என்றும் எழுதியிருந்தார். ஏஜென்ட் ஆரஞ்சில் இருந்தது அந்தப் பொருள் அல்ல. ஆனாலும் இலையுதிர்க்கும் ஆயுதம் என்ற எண்ணத்துக்குத் தன் ஆய்வும் வழிவிட்டதே என்று அவர் வருந்தினார். பின்னாளில் அந்தத் தெளிப்பை நிறுத்தப் போராடியவர்களில் முன்னால் நின்றவர் அவர்.

தேங்காய் கற்றுக்கொடுத்த பாடம்

கொட்டை மரங்கள் ஹார்மோனை வாங்கிக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. அதே 1941-இல் வான் ஓவர்பீக், காங்க்ளின், பிளேக்ஸ்லீ என்ற மூவர் ஊமத்தைச் செடியின் மிக இளம் கருவைத் தனியே எடுத்து வளர்க்க முயன்றார்கள். எந்த ஊட்டமும் போதவில்லை. தேங்காயின் உள்ளே இருக்கும் நீரைச் சேர்த்ததும் கரு வளர்ந்தது! அந்த நீரில் அப்படி என்ன இருக்கிறது என்ற தேடல் பல ஆண்டுகள் நீண்டது.

1955-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் குழுவினர் ஹெர்ரிங் மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த பழைய டி.என்.ஏ.விலிருந்து செல்களைப் பிரியத் தூண்டும் கைனெடினைக் கண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் லெதாம் மக்காச்சோளத்திலிருந்து ஜியாட்டினைப் பிரித்தார். இவைதான் சைட்டோகைனின் குடும்பம். தேங்காய் நீரிலும் அதே குடும்பத்துப் பொருள் இருப்பது பின்னர் உறுதியானது. இன்றைய திசு வளர்ப்பு ஆய்வகங்களின் கதையில் நம் இளநீருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது பெருமைதானே!

கொட்டை வேறு, கனி வேறு

இவ்வளவு ஹார்மோன் தெரிந்த பிறகும் கொட்டை மரங்களின் விளைச்சல் ஏன் திராட்சை மாதிரி துள்ளிக் குதிக்கவில்லை?

1936-இல் குஸ்டாஃப்சன் என்பவர் மகரந்தமே படாத பூவில் ஆக்சின் தடவி, விதையில்லாத தக்காளி காய்க்க வைத்தார். விதையில்லாத திராட்சைக் குலையில் ஜிப்ரெல்லின் தெளித்தால் மணிகள் பெருக்கும். நாம் தின்பது சதையை, விதை இல்லாவிட்டால் இன்னும் சந்தோஷம். ஆனால் முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் இவற்றில் நாம் தின்பதே விதையைத்தான்! மகரந்தம் சேர்ந்து, கரு உண்டாகி, அது முழுதாக வளர்ந்தால்தான் பருப்பு. ஹார்மோனால் ஏமாற்றி ஓட்டை மட்டும் வளர வைத்தால் கிடைப்பது வெறும் பொக்குக் கொட்டை.

அதனால் கொட்டை மரங்களில் ஹார்மோனுக்கு உள்ள வேலைகள் குறைவு, ஆனால் முக்கியமானவை. முதலாவது நாற்றங்காலில். 1935-இல் ஆக்சின் வகைகள் வெட்டிய தண்டில் வேர்விட வைக்கும் என்று தெரிந்தது. நம் முந்திரியிலும் ஒரு காலத்தில் விண்பதியம் போட்டுக் கன்று எடுத்தார்கள். ஆணிவேர் இல்லாத அந்த மரங்கள் காற்றுக்குத் தாங்கவில்லை என்பதால் பிறகு இளந்தண்டு ஒட்டு முறை வந்தது. இரண்டாவது அறுவடையில். கடையில் வால்நட் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அக்ரூட்டில் பருப்பு முதலில் முற்றிவிடும், மேலே உள்ள பச்சைத் தோல் பிளக்க நாளாகும். காத்திருந்தால் பருப்பு கறுத்து விலை போகாது. எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் தெளித்தால் தோல் சீக்கிரமாகவும் ஒரே சமயத்திலும் பிளக்கிறது. மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த கதை.

கலிபோர்னியாவில் ஒரு துப்பறியும் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அக்ரூட்டுக்குப் பேர்போனது. அங்குள்ள டேவிஸ் பல்கலைக்கழகத்தின் இனவிருத்தித் திட்டத்திலிருந்து 1968-இல் 'செர்' என்ற ரகம் வெளிவந்தது. திட்டத்தை நடத்திய யூஜின் செர் என்பவரின் பெயரே அதற்கு. பருப்பு பெரிது, நிறம் வெளுப்பு. விவசாயிகள் ஆசையாக நட்டார்கள். மரம் நன்றாக வளர்ந்தது, பூத்தது. ஆனால் பெண் பூக்களில் பெரும்பகுதி திறந்த சில நாட்களிலேயே உதிர்ந்தன.

பூ உதிர்கிறதா, மகரந்தம் போதவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அக்ரூட் காற்றில் மகரந்தம் சேரும் மரம். ஒரே மரத்தில் ஆண் பூச்சரமும் பெண் பூவும் வெவ்வேறு நாளில் திறக்கும். அதற்காகவே தோப்புக்குள் மகரந்தம் தரும் வேறு ரக மரங்களை நடுவது வழக்கம். ஆனால் அப்படிப்பட்ட மரங்களுக்குப் பக்கத்தில்தான் உதிர்வு அதிகம்!

1990-களில் அதே பல்கலைக்கழகத்தின் மெக்ரனஹன், போலிட்டோ முதலியோர் சோதனை செய்து காட்டினார்கள். உதிர்வுக்குக் காரணம் மகரந்தம் குறைந்தது அல்ல, மகரந்தம் மிஞ்சியது! ஒரு பூவின் சூல்முடியில் அளவுக்கு மேல் மகரந்தம் குவிந்தால் அந்தப் பூவில் எத்திலீன் எழும்பி, பூ உதிர்ந்துவிடுகிறது. நோய்க்கு நேர் எதிரான மருந்தை அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

எத்திலீனின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குக்கு எரிவாயு போட்ட காலத்தில், குழாய் கசியும் இடங்களில் மரங்கள் இலை உதிர்த்தன. அந்த வாயுவில் செடியைப் பாதிப்பது எத்திலீன் என்று 1901-இல் ரஷ்யாவின் நெல்ஜுபோவ் காட்டினார். செடிகள் தாமே அதைத் தயாரிக்கின்றன என்று 1934-இல் இங்கிலாந்தின் கேன் நிரூபித்தார். எப்படித் தயாரிக்கின்றன என்ற புதிரின் முக்கிய முடிச்சை 1979-இல் அவிழ்த்தவர்கள் ஆடம்ஸும் ஷாங் ஃபா யாங்கும். யாங் தைவானில் பிறந்தவர், வேலை பார்த்தது அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தில். செடிக்குள் ஏ.சி.சி. என்ற பொருள் முதலில் உண்டாகி, அதுதான் எத்திலீனாக மாறுகிறது என்று கண்டார்கள். இதற்கெல்லாம் சேர்த்து யாங்குக்கு 1991-இல் வுல்ஃப் பரிசு கிடைத்தது.

அந்த ஏ.சி.சி. உண்டாவதையே தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. ஏ.வி.ஜி. என்று பெயர், நுண்ணுயிர்களிடமிருந்து கிடைப்பது. பெண் பூக்கள் திறக்கத் தொடங்கும் நாட்களில் இதை செர் மரங்களில் தெளித்தபோது உதிர்வு நன்றாகக் குறைந்தது. 2000-களில் இது கலிபோர்னியத் தோப்புகளில் வழக்கத்துக்கு வந்தது. மகரந்தம் தரும் மரங்களைக் குறைப்பதும், ஆண் பூச்சரங்களை மரத்தை உலுக்கி உதிர்ப்பதும்கூடப் பயன் தந்தன.

யோசித்துப் பாருங்கள். இங்கே மரத்துக்கு எந்த ஊக்கியும் கொடுக்கவில்லை. மரம் தனக்குத்தானே அனுப்பிய ஒரு சேதியை வழியில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னால், பூ ஏன் உதிர்கிறது என்று கண்டுபிடித்தார்கள். விளைச்சலைக் காப்பாற்றியது அந்தக் கேள்விதான்.

மறுபடி தாத்தாவின் தோப்பு

அடுத்த தை மாதம் மறுபடி பூங்கொத்து கருக ஆரம்பித்தது. இந்த முறை பாட்டில் வாங்கப் போகவில்லை. கருகிய கொத்து இரண்டை ஒடித்து எடுத்துக்கொண்டு ஒரு வேளாண் அலுவலரிடம் போனோம். தண்டில் இருந்த பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் அவர் சொல்லிவிட்டார், தேயிலைக் கொசு! கொழுந்திலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும் பூச்சி அது. முந்திரிக்குப் பெரிய எதிரி. மரத்தில் ஹார்மோன் குறைவே கிடையாது. பூச்சி கடித்த காயத்துக்குத்தான் நாங்கள் போன வருடம் பூ நிற்கும் மருந்து அடித்திருக்கிறோம், அதையும் ஐந்து மடங்கு.

கலிபோர்னியாவில் படித்தவர்களே மகரந்தம் மிஞ்சியதை மகரந்தக் குறை என்று நினைத்தார்கள் என்றால், என் தாத்தா ஏமாந்ததில் ஆச்சரியம் என்ன? வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தவறைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. இங்கே பக்கத்தில் இருந்தது ஒரு கடை.

ஹார்மோன்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான பொருள், சரியான அளவு, சரியான நாள் மூன்றும் சேர்ந்தால் அவை அற்புதம் செய்கின்றன. ஆனால் மரம் என்ன சொல்கிறது என்று கேட்காமல் நாம் அதற்குச் சேதி அனுப்பக் கூடாது.

இப்போது தாத்தாவின் சட்டைப் பையில் ஒரு மருந்து ஊசிக் குழல் இருக்கிறது, ஊசி இல்லாமல். எந்த மருந்தானாலும் மில்லிக் கணக்கில் அதில்தான் உறிஞ்சி எடுக்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் மூடியில் ஊற்றுவதைப் பார்த்தால், "அளந்து ஊத்துப்பா, அது கஞ்சி இல்ல" என்கிறார்.

உங்கள் ஊரில் தென்னங்குரும்பை உதிர்ந்தால் என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.